லிம்போமா ரிப்போர்ட்டில் வரும் மரபணு வரிகள்: மலையிலிருந்து இறங்குவதற்கு முன் படித்துக்கொள்ள

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது அதைப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான். நான் கோத்தகிரிக்காரன், கோவையில் ஒரு திசு ஆய்வகத்தில் டெக்னீஷியன். அதனால் ஊர்ப்பக்கத்துப் படங்களில் பாதி என் போனுக்கு வரும். கேட்கப்படும் கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேகமாக வளரும் பி-செல் லிம்போமா (ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுவில் தொடங்கும் நிணநீர்ப் புற்றுநோய்), அதிலும் அதிகம் காணப்படும் ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா’ என்று ரிப்போர்ட் வந்தவர்களுக்கும், அவர்களோடு அலைகிற வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பது உங்கள் டாக்டர். மரபணு வரிகள் என்ன சொல்கின்றன, எதை எப்போது கேட்டு வாங்க வேண்டும் என்பது வரைதான் என் வேலை.

ஒரு கணக்கை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் நூறு பேரில் சுமார் அறுபது பேருக்கு, அதற்குக் கொஞ்சம் மேலேயும், நோய் முழுதாகப் போய்விடுகிறது. நான்காம் ஸ்டேஜ் என்று எழுதியிருந்தாலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் மருந்து தொடங்குவார்கள். மீதி நாற்பது பேர் யாராக இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே தேடுவதுதான் மரபணு சோதனையின் வேலை.

1. சதைத் துண்டைச் சரியாக எடுக்க வையுங்கள்

கழுத்தில் கட்டி என்றால் நம் பக்கத்தில் முதல் சந்தேகம் காசநோய்மேல் போகும். அது தப்பில்லை, இரண்டும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கும் சோதனையோடு நின்றுவிடக் கூடாது. அதில் வருவது சிதறிய செல்கள் மட்டுமே. லிம்போமாவின் வகையைப் பிரிக்க அது போதாது. நெறிக்கட்டியை முழுதாக எடுப்பது நல்லது. உள்ளே ஆழத்தில் இருந்தால் தடித்த ஊசியில் நாலைந்து துண்டுகளாவது எடுக்க வேண்டும்.

பயாப்ஸிக்கு முன் வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டுக்கு லிம்போமா செல்கள் மளமளவென்று செத்துவிடும். அப்புறம் எடுக்கும் துண்டில் நோயே தெரியாமல் போகலாம்.

மலைமேல் சிறிய மருத்துவமனையில் எடுக்கிறார்கள் என்றால் துண்டைப் போடும் டப்பாவில் ஃபார்மலின் இருக்கிறதா என்று கேளுங்கள். சதையின் அளவைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். சலைனில் போட்டோ, ஈரப் பஞ்சில் சுற்றியோ அனுப்பினால் மேட்டுப்பாளையம் தாண்டி எங்களிடம் வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும். அப்படி வந்த துண்டில் மரபணு சோதனை பெரும்பாலும் ஓடாது.

ஆய்வகத்தில் அந்தத் துண்டை மெழுகில் பதித்து வைப்போம். இதுதான் ‘பிளாக்’. சுமார் நான்கு செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் கேசட், ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஓர் எண். பேனா மை, பிறகு ஊற்றும் கரைசல்களில் அழிந்துவிடும் என்பதால் பென்சில். மேற்கொண்டு எந்தச் சோதனை செய்தாலும் இதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி எடுத்துத்தான் செய்வோம். எனவே பெரிய மருத்துவமனைக்கு மாறும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இன்னொரு முறை பயாப்ஸி. கொண்டுபோகும்போது வண்டியின் டேஷ்போர்டில் வெயில் படும்படி வைக்காதீர்கள். மெழுகு அறுபது டிகிரிக்குள் உருகிவிடும். சமவெளி வெயிலில் மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

2. ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது

முதலில் கடைசிப் பகுதிக்குப் போங்கள். நோயின் பெயர் அங்கேதான் இருக்கும். பிறகு ‘ஐ.எச்.சி.’ என்ற பகுதிக்கு வாருங்கள். செல்லின்மேலும் உள்ளேயும் இருக்கும் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்ததன் விவரம் அது.

சி.டி.20 பாசிட்டிவ் என்றால் ரிட்டுக்சிமாப் ஊசி பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது என்று பொருள். சிகிச்சையின் பெயரில் முன்னால் நிற்கும் ‘ஆர்’ அந்த மருந்துதான்.

சி.டி.10, பி.சி.எல்.6, மம்1 என்ற மூன்றும் ஒரு தொகுப்பு. இவற்றை வைத்து நோயை இரண்டாகப் பிரிக்கும் முறை 2004-இல் வந்தது. நிணநீர்க் கணுவின் நடுப்பகுதி செல்லைப்போல இருந்தால் ‘ஜி.சி.பி.’, இல்லையென்றால் ‘நான்-ஜி.சி.பி.’ என்று எழுதுவார்கள். முதல் வகைக்கு ஆர்-சாப் சற்று நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் காட்டின; சாயத்தை மட்டும் வைத்துப் பிரிக்கும்போது அந்த வித்தியாசம் சில ஆய்வுகளில் தெரியவே இல்லை. இந்த ஒரு வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கெடுப்பது வேறொரு வரி.

“அண்ணா, கி-67 தொண்ணூறுன்னு போட்டிருக்கு. அப்போ தொண்ணூறு சதவீதம் பரவிடுச்சா?”

பரவியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. துண்டில் இருந்த புற்றுச் செல்களில் எத்தனை சதவீதம் பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதுதான் கி-67. வேகமாக வளரும் லிம்போமாவில் அது எழுபது, எண்பது என்று இருப்பது இயல்பு. பரவலைச் சொல்வது பெட்-சி.டி. ஸ்கேனும் ஸ்டேஜும்.

அடுத்து மிக், பி.சி.எல்.2 என்ற இரண்டு புரதங்களின் சதவீதம். மிக் என்பதை எம், ஒய், சி என்று மூன்று எழுத்தாகப் போட்டிருப்பார்கள். மிக் 40 சதவீதத்துக்கும், பி.சி.எல்.2 50 சதவீதத்துக்கும் மேல் சேர்ந்து இருந்தால் ‘டபுள் எக்ஸ்பிரஸர்’ என்பார்கள். இந்த நோய் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இது இருக்கும். போக்கு சற்றே மோசம்தான், ஆனாலும் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையே கொடுப்பார்கள். இதையும் ‘டபுள் ஹிட்’டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, இணையத்தில் டபுள் ஹிட்டைப் பற்றிப் படித்து, வீட்டில் அழுகைச் சத்தம் கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு. டபுள் ஹிட் என்பது புரத அளவு அல்ல, மரபணுக்களே இடம் மாறுவது.

3. ஃபிஷ் சோதனை: இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்

டபுள் ஹிட்டா இல்லையா என்பதைச் சாயம் சொல்லாது. ஃபிஷ் சோதனைதான் சொல்லும். பிளாக்கிலிருந்து சீவிய துண்டின்மேல், ஒளிரும் சாயம் கட்டிய டி.என்.ஏ. துணுக்குகளை ஒட்டவிட்டு, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் வழியே பார்ப்போம். செல்லின் கரு நீலமாகத் தெரியும். அதற்குள் மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்புப் புள்ளி, மறுபக்கத்தில் பச்சைப் புள்ளி. மரபணு தன் இடத்தில் முறியாமல் இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தோன்றும். முறிந்து வேறு குரோமோசோமுக்குப் போயிருந்தால் சிவப்பு ஓரிடம், பச்சை ஓரிடம் என்று விலகி நிற்கும். இப்படிச் செல் செல்லாக எண்ணித்தான் ரிப்போர்ட் எழுதுவார்கள். அதனால்தான் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும்.

மிக் மரபணு எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது. செல்லைப் பெருக வைப்பது அதன் வேலை. தேவையானபோது மட்டும் விழிக்கும். அது முறிந்து, பதினான்காவது குரோமோசோமில் உள்ள ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டால், மோட்டாரின் வயரை எப்போதும் கரண்ட் இருக்கிற லைனில் கோர்த்துவிட்ட கதைதான். பி-செல்லில் ஆன்டிபாடி மரபணு ஓயாமல் வேலை செய்யும். பக்கத்தில் வந்த மிக்கும் ஓயாது. பதினெட்டாவது குரோமோசோமில் உள்ள பி.சி.எல்.2, செல்லைச் சாகவிடாமல் காப்பது. அதுவும் இதேபோல இடம் மாறிவிட்டால் செல் பெருகிக்கொண்டும் இருக்கும், சாகவும் சாகாது. கீமோ மருந்துகள் பெரும்பாலும் செல்லைத் தானே சாகும்படி தூண்டித்தான் கொல்கின்றன. அந்த வழியே அடைபட்டுப்போகிறது. இந்த நோயில் நூற்றில் பத்துக்கும் குறைவானவர்களிடம்தான் மிக், பி.சி.எல்.2 இரண்டும் சேர்ந்து இடம் மாறியிருக்கும். இதைத்தான் டபுள் ஹிட் என்கிறோம்.

ஃபிஷ் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘இடமாற்றம்’ என்பதும் ‘கூடுதல் நகல்’ என்பதும் வேறு. மிக் மூன்று நான்கு நகல் இருக்கிறது என்று எழுதியிருந்தால் அது டபுள் ஹிட் ஆகாது. அடுத்து, பெயர்க் குழப்பம். 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மிக்கோடு பி.சி.எல்.2 அல்லது பி.சி.எல்.6 எது இடம் மாறியிருந்தாலும் ஒரே கூட்டில் வைத்தது. 2022-இல் அதே நிறுவனம் பி.சி.எல்.6 ஜோடியை அந்தக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டது. அதே வருடம் வந்த இன்னொரு சர்வதேச வகைப்பாடு அதைத் தனி வகையாகத் தற்காலிகமாக வைத்திருக்கிறது. ஆக, ஒரே பிளாக்குக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு பெயர் எழுதினால் பதற வேண்டாம். எந்த வகைப்பாட்டின்படி என்று கேளுங்கள்.

மிக் யாரோடு ஜோடி சேர்ந்தது என்பதும் முக்கியம். 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மிக் ஆன்டிபாடி மரபணுவோடு ஒட்டி, கூடவே பி.சி.எல்.2 அல்லது பி.சி.எல்.6-உம் மாறியிருந்தவர்களிடம்தான் பாதிப்பு பெரிதாகத் தெரிந்தது. அதுவும் முதல் இரண்டு வருடத்துக்குள். மிக் மட்டும் தனியாக இடம் மாறியிருந்தவர்கள் அவ்வளவு பின்தங்கவில்லை.

டபுள் ஹிட் என்றால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று எழுதிய பழைய தாள்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. அந்தக் காலத்தில் ஏற்கெனவே மிக மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை செய்தார்கள், கணக்கும் அப்படியே வந்தது. எல்லோருக்கும் செய்து பார்க்கத் தொடங்கிய பிறகு எண்கள் மேம்பட்டன. தேதி பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

4. டி.பி.53, மற்ற மரபணுக்கள்

பெரிய மையங்களில் ‘என்.ஜி.எஸ்.’ என்று நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் படிக்கும் சோதனையும் உண்டு. அதில் கண் போக வேண்டியது டி.பி.53. டி.என்.ஏ. சேதமானால் செல்லை நிறுத்தும் காவல் மரபணு இது, பதினேழாவது குரோமோசோமில். நோயாளிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இதில் பிறழ்வு இருக்கும். இருந்தால் கீமோ பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது.

மிட்88, சி.டி.79பி என்ற இரண்டும் சேர்ந்து மாறியிருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. 2018-இல் வந்த ஆய்வுகள் இந்த நோயையே மரபணு வாரியாகப் பல கூட்டங்களாகப் பிரித்தன. அதில் ஆர்-சாப்புக்குச் சரியாகப் பணியாத கூட்டம் இது. மூளை, விரை ஆகிய இடங்களில் வரும் லிம்போமாவில் அதிகம் காணப்படும். இ.இசட்.எச்.2, நாட்ச்2, எஸ்.ஜி.கே.1 என்று வேறு பெயர்களும் ரிப்போர்ட்டில் வரலாம். இப்போதைக்கு இந்தக் கூட்டங்களை வைத்து வழக்கமான முதல் சிகிச்சையை மாற்றுவது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குள்தான். காசு நெருக்கடி என்றால் முதலில் ஃபிஷ், என்.ஜி.எஸ். இல்லாமலே முதல் சிகிச்சையைத் தொடங்கலாம். டாக்டர் குறிப்பாகக் காரணம் சொல்லிக் கேட்டால் அது வேறு விஷயம்.

5. மரபணுவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்

1993-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஐ.பி.ஐ. என்ற மதிப்பெண் இன்னும் செல்லாமல் போகவில்லை. வயது 60-க்கு மேலா, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி கூடியிருக்கிறதா, ஸ்டேஜ் மூன்று அல்லது நான்கா, நெறிக்கட்டிக்கு வெளியே ஒன்றுக்கு மேல் இடங்களில் நோய் உண்டா, நடமாட்டம் எப்படி: இந்த ஐந்துக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண். கூடினால் ஆபத்து கூடும். டபுள் ஹிட் இருந்தும் நோய் ஓரிடத்தில் மட்டும் நிற்கிறவர் ஒரு பக்கம். ஃபிஷ் சுத்தமாக இருந்தும் ஐந்து மதிப்பெண் வாங்கியவர் இன்னொரு பக்கம். இருவரில் யாருக்கு மோசம் என்று மரபணு வரியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

6. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எழுதிக்கொண்டு போங்கள். ஓ.பி.யில் கிடைக்கிற நேரம் கொஞ்சம், முறை வரும்போது பாதி மறந்துபோகும்.

“மிக், பி.சி.எல்.2, பி.சி.எல்.6 மூன்றுக்கும் ஃபிஷ் அனுப்பியாச்சா சார்?” என்பது முதல் கேள்வி. சில இடங்களில் முதலில் மிக் மட்டும் பார்த்து, அது மாறியிருந்தால்தான் மற்ற இரண்டையும் பார்ப்பார்கள். அதுவும் சரியான முறையே.

“ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கணுமா?” பெரும்பாலும் வேண்டாம். வளர்ச்சி வேகமாக இருந்தால் முதல் சுற்று ஆர்-சாப் கொடுத்துவிட்டு, ஃபிஷ் வந்தபின் தேவையானால் இரண்டாம் சுற்றிலிருந்து மாற்றுவார்கள். ஃபிஷ் வரட்டும் என்று நீங்களாக மலைமேல் உட்கார்ந்திருக்காதீர்கள்.

“டபுள் ஹிட் என்றால் சிகிச்சை மாறுமா?” பல டாக்டர்கள் ஆர்-இபோக் என்ற முறைக்குப் போவார்கள். அதில் மருந்து நான்கு நாள் தொடர்ச்சியாக இறங்கும், எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து நாளாவது படுக்கை. ஆர்-சாப் பெரும்பாலும் ஒரு நாள் வேலை, 21 நாளுக்கு ஒரு தரம், வழக்கமாக ஆறு சுற்று. இபோக்தான் மேல் என்று டபுள் ஹிட்டுக்கென்றே நேருக்கு நேர் ஒப்பிட்டு நிரூபித்த பெரிய ஆய்வு கிடையாது. எல்லா நோயாளிகளையும் சேர்த்து ஒப்பிட்டபோது பலன் கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. எனவே வயதையும் உடல்வாகையும் பார்த்து ஆர்-சாப்பே போதும் என்று உங்கள் டாக்டர் சொன்னால், அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆர்-சாப்பில் உள்ள வின்கிறிஸ்டின் மருந்துக்குப் பதில் போலாட்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்க்கும் முறையும் இப்போது உண்டு. இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அதில் 76.7 சதவீதம், ஆர்-சாப்பில் 70.2. விலையைக் கேட்டுவிட்டு யோசியுங்கள்.

மூளைக்கு நோய் போகும் அபாயம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். டபுள் ஹிட், மிட்88 கூட்டம், சிறுநீரகம், அட்ரீனல், விரையில் நோய் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம். ஹெபடைட்டிஸ் பி சோதனையும் இதயத்துக்கு எக்கோவும் மருந்துக்கு முன் எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அவர்களே எடுத்துவிடுவார்கள்.

7. மலைக்காரர்களுக்கான ஏற்பாடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. காப்பீட்டு மேசையில் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலைக் கேட்பார்கள். ஃபிஷ், என்.ஜி.எஸ். இரண்டும் அதில் அடங்குமா, கையிலிருந்து கட்ட வேண்டுமா என்று பிளாக்கை அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள்.

எந்த சிகிச்சையானாலும், மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ கோவைக்கு அந்த நேரத்தில் போய்ச் சேர முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அதுவும் சில நாள் அடைபடும். எனவே முதல் சுற்று முடிந்து கிளம்பும்போதே, காய்ச்சல் வந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியிலோ உங்களுக்குப் பக்கத்து மருத்துவமனையிலோ என்ன ஊசி போட வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். குளிருக்கு நடுங்குகிறதா, காய்ச்சலுக்கு நடுங்குகிறதா என்று நம் ஊரில் தொட்டுப்பார்த்துச் சொல்ல முடியாது. இபோக் என்றால் அந்த வாரங்களுக்குக் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது உத்தமம். கூடலூர்க்காரர்கள் பலர் கோழிக்கோட்டுக்கும் மைசூருக்கும் போகிறார்கள். மைசூர் என்றால் பந்திப்பூர் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

“பிள்ளைகளுக்கும் வருமா?”

மரபணு என்ற சொல் காதில் விழுந்ததும் வருகிற கேள்வி இது. நீலகிரியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. சிக்கில் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் பதிவானது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அதற்கான ரத்தச் சோதனை பலருக்கும் தெரிந்த விஷயம். அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது, பிறக்கும்போதே உடம்பின் எல்லா செல்லிலும் இருப்பது.

லிம்போமாவில் மிக், பி.சி.எல்.2, டி.பி.53 என்று நாங்கள் பார்ப்பது அந்த மாதிரி கிடையாது. வாழ்நாளின் நடுவில் ஏதோ ஒரு பி-செல்லில் ஏற்பட்ட மாற்றம் அது. அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் இருக்கும். கருமுட்டைக்கும் விந்துக்கும் போகாது. டபுள் ஹிட் வந்தவரின் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்க வேண்டிய எதுவும் அந்த ரிப்போர்ட்டில் இல்லை. டி.பி.53 பிறழ்வு பிறவியிலேயே வரும் குடும்பங்கள் மிக அரிதாக உண்டு. சிறு வயதிலேயே பலருக்கும் பலவிதப் புற்றுநோய் வந்த குடும்பம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் தனியாகச் சோதிப்பார்கள்.

8. சிகிச்சை முடிந்த பின்

பெட்-சி.டி.யில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் போடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் பெரும்பாலும் நோய் அடங்கியதாகக் கொள்வார்கள். அதன்பின் இரண்டு வருடம்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய காலம். நோய் கண்டறிந்து 24 மாதம் நோய் தலைகாட்டாமல் கடந்தவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களுடையதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது என்று 2014-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. தொடக்கத்தில் மரபணு வரி எவ்வளவு பயமுறுத்தியிருந்தாலும், இந்தக் கட்டத்தைத் தாண்டியவரிடம் அதன் அதட்டல் பெரிதும் அடங்கிவிடும்.

திரும்பி வந்தால் மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டை வைத்தே மருந்து தொடங்க வேண்டாம். நோயின் மரபணுக்கள் இடையில் மாறியிருக்கலாம், சில சமயம் சி.டி.20 கூடக் காணாமல் போயிருக்கும். கார்-டி செல் சிகிச்சை இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியதற்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது கீமோவைப்போல வேலை செய்வதில்லை, உடம்பின் டி-செல்களையே ஏவிவிடுவது. அதனால் டபுள் ஹிட் உள்ளவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, டி.பி.53 பிறழ்வு இருந்தால் அங்கேயும் பலன் சற்றுக் குறையலாம். விலை லட்சங்களில். போகிற மையத்தில் முதலில் கேட்பது பழைய பிளாக்கும், ஃபிஷ் ரிப்போர்ட்டும், எந்த மருந்து எத்தனை சுற்று ஏறியது என்ற டிஸ்சார்ஜ் சம்மரிகளும். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், மழை ஈரம் படாத பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.